குலுக்கல் சீட்டில் பங்கு போட்ட நாடு: வடக்கு ஜார்ஜியாவில் ஒரு மே மாதப் பயணம்

வியாழன் இரவு, கம்மிங்

அட்லாண்டாவுக்கு வடக்கே, ஃபோர்சைத் கவுண்டியில் வீடு வாங்கியவர்கள் தங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். லாண்ட் லாட், டிஸ்ட்ரிக்ட், செக்‌ஷன் என்று வரிசையாக எண்கள் இருக்கும். எங்கள் பத்திரத்திலும் இருக்கின்றன. 1830களின் தொடக்கத்தில் ஜார்ஜியா அரசு இந்த மண்ணை அளந்தபோது இட்ட எண்கள் அவை. அளந்த சமயத்தில் இது செரோக்கி மக்களின் நாடு. அமெரிக்க அரசே ஒப்பந்தம் போட்டு எல்லையை ஒப்புக்கொண்ட நாடு. அதற்குள் நிலம் அளக்கும் சங்கிலியோடு ஆட்களை அனுப்பி, 160 ஏக்கர், தங்கம் இருக்கலாம் என்று நினைத்த இடங்களில் 40 ஏக்கர் என்று துண்டு போட்டு, சீட்டுக் குலுக்கித் தன் குடிமக்களுக்குக் கொடுத்துவிட்டது ஜார்ஜியா.

மகள் எட்டாம் வகுப்பு. இந்த வருடம் அவளுக்கு ஜார்ஜியா வரலாறு பாடம். செரோக்கிகளைத் தங்கள் நாட்டிலிருந்து மேற்கே துரத்திய ‘கண்ணீர்ப் பாதை’ சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. நான் பல மாதங்களாக இதைப் பற்றியே படித்துக்கொண்டிருப்பதால், மெமோரியல் டே நீண்ட வாரஇறுதிக்குக் கடற்கரை வேண்டாம், இந்த இடங்களுக்குப் போகலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். மே மாதக் கடைசி வாரம்தான் பொருத்தமும்கூட. 1838இல் வீடு வீடாகப் போய் ஆட்களைப் பிடித்தது இந்த வாரத்தில்தான்.

கிளம்பும் முன் ஒரே ஒரு பின்னணி. 1802இல் ஜார்ஜியா, இன்றைய அலபாமா, மிசிசிப்பி பக்கம் தான் உரிமை கோரிவந்த நிலத்தை மத்திய அரசுக்கு விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு 12.5 லட்சம் டாலர், கூடவே ஒரு வாக்குறுதி: ஜார்ஜியா எல்லைக்குள் பழங்குடிகளிடம் இருக்கும் நிலத்தை, அமைதியான வழியில் முடிந்தபோது, மத்திய அரசு வாங்கித் தரும். ஆனால் அதே மத்திய அரசு 1791இல் ஹோல்ஸ்டன் ஒப்பந்தத்தில், செரோக்கிகள் விட்டுக்கொடுக்காத நிலம் அவர்களுக்கே என்று உறுதி கொடுத்திருந்தது. ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்தார்கள். அடுத்த 36 ஆண்டுகளில் நடந்தது அத்தனையும் இதிலிருந்து கிளம்பியதுதான்.

வெள்ளி, டலானிகா

வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மலையடிவார ஊர். நடுவில் சதுக்கம், சதுக்கத்துக்கு நடுவே 1836இல் கட்டிய பழைய செங்கல் நீதிமன்றம். இப்போது அது தங்க அருங்காட்சியகம். சுற்றிலும் ஒயின் கடைகள், இனிப்புக் கடைகள், சுற்றுலாக் கூட்டம்.

1820களின் கடைசியில் இந்தப் பக்கம் ஓடைகளில் தங்கம் கிடைத்தது. கலிபோர்னியாவுக்கு 20 ஆண்டுகள் முந்தைய தங்க வேட்டை இது. ஆயிரக்கணக்கானவர்கள் தட்டும் மண்வெட்டியுமாகச் செரோக்கி நிலத்துக்குள் புகுந்தார்கள். ஜார்ஜியா என்ன செய்தது? செரோக்கி நாட்டின் மேல் தன் சட்டம்தான் செல்லும் என்று அறிவித்தது. 1830 ஜூன் 1 முதல் அது அமலுக்கு வந்தது. செரோக்கிகள் தங்கள் நிலத்திலேயே தங்கம் எடுக்கக் கூடாது. வெள்ளையர் மேல் நடக்கும் வழக்கில் செரோக்கி சாட்சி சொல்ல முடியாது. கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருவன் உங்கள் குதிரையை ஓட்டிக்கொண்டு போகிறான், வீட்டுக்குத் தீ வைக்கிறான். பார்த்தவர்கள் எல்லாரும் செரோக்கிகள் என்றால் வழக்கே கிடையாது. துப்பாக்கியே தேவையில்லை, இது போதும்.

அருங்காட்சியகத்தில் இங்கே அச்சான தங்க நாணயங்களை வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் நாணயச் சாலை இங்கே நாணயம் அடிக்க ஆரம்பித்த ஆண்டு 1838. அதே ஆண்டுதான் மண்ணுக்கு உரியவர்களை முள்வேலியில்லாத குறையாக மரக்கொட்டடிகளில் அடைத்தார்கள். மகள் அந்த ஆண்டைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கவுண்டியின் பெயர் லம்ப்கின். வில்சன் லம்ப்கின், பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் வெளியேற்றச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் உழைத்தவர். பிறகு ஜார்ஜியா ஆளுநராக இருந்து குலுக்கலை நடத்தியவர். எங்கள் கவுண்டிக்குப் பெயர் தந்த ஜான் ஃபோர்சைத் அதே சட்டத்துக்காக செனட்டில் வாதாடியவர். பறித்தவர்களின் பெயரைப் பறித்த நிலத்துக்கே வைத்திருக்கிறார்கள். தினமும் பள்ளிப் பேருந்தில் பார்க்கும் பெயர் இது. இவ்வளவு நாள் அது யார் என்று கேட்கத் தோன்றாமலே இருந்தது.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். அன்றைய அமெரிக்கா முழுக்க இதற்குத் தலையாட்டவில்லை. 1830 மே மாதம் பழங்குடி வெளியேற்றச் சட்டம் கீழவையில் 102க்கு 97 என்ற கணக்கில்தான் தப்பித்தது. நியூ ஜெர்சி செனட்டர் ஃப்ரீலிங்ஹைசன் எதிர்த்து மூன்று நாள்களில் ஆறு மணி நேரம் பேசினார். டென்னசியின் டேவி குரோக்கெட், தன் மாநிலத்தவரான அதிபர் ஜாக்சனை எதிர்த்து வாக்களித்தார். வாக்குரிமையே இல்லாத பெண்கள் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினார்கள். ‘அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்’ என்று யாராவது சொன்னால் இந்த 97 பேரைச் சொல்லுங்கள்.

சனி, நியூ எக்கோட்டா

இன்று எழுத நிறைய இருக்கிறது. தூக்கம் வந்தாலும் எழுதிவிட்டே படுக்கிறேன்.

75ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் போனால், கூசாவாட்டியும் கொனசாகாவும் கலந்து ஊஸ்டனாலா ஆகும் இடத்தருகே பெரிய புல்வெளி. 1825இல் செரோக்கி நாட்டின் தலைநகராக அறிவித்த ஊர் இது. பழைய கட்டடங்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. மன்றக் கூடம், உச்ச நீதிமன்றம், அச்சகம் எல்லாம் பிற்காலத்தில் திரும்பக் கட்டியவை. ஓரமாக இருக்கும், வான் (Vann) என்ற செரோக்கிக் குடும்பத்தின் சத்திரம் அசல் பழையது. அது எங்கள் ஃபோர்சைத் கவுண்டியிலிருந்து வந்தது! 1950களில் பியூஃபர்ட் அணை கட்டி லேனியர் ஏரி நிரம்பும் முன், பிரித்து எடுத்து வந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

1827இல் இங்கே எழுதப்பட்ட அரசியல் சட்டம் மூன்று பிரிவு கொண்டது: சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம். அமெரிக்காவைப் பார்த்து எழுதியதுதான். ‘நாகரிகம் அடையுங்கள், உங்களை விட்டுவிடுகிறோம்’ என்று வாஷிங்டன் காலத்திலிருந்து சொல்லிவந்ததை இவர்கள் நம்பினார்கள். ஏர் பிடித்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். செக்வோயா, ஆங்கிலம் படிக்கத் தெரியாத மனிதர், பல ஆண்டுகள் உட்கார்ந்து 1821இல் தன் மொழிக்கு எழுத்து உருவாக்கினார். ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை, நம் க, கி, கு மாதிரி. அது சரியாக வேலை செய்கிறது என்று மற்றவர்களுக்குக் காட்ட அவருக்குத் துணை நின்றவள் அவருடைய சின்ன மகள் அயோக்கா. சில ஆண்டுகளிலேயே நாட்டில் பாதிக்கும் மேல் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1828 பிப்ரவரி 21இல் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ முதல் இதழ் வந்தது, செரோக்கியிலும் ஆங்கிலத்திலுமாக.

அச்சகத்துக்குள் போனதும் மையின் வாசனை. கையால் இழுக்கும் அச்சுப்பொறி, எழுத்துக்கோக்கும் பெட்டிகள். 1954இல் இந்த இடத்தைத் தோண்டியபோது செரோக்கி ஈய எழுத்துகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. ஜார்ஜியாவின் காவல்படை 1835இல் அச்சுப்பொறியைப் பறித்துக்கொண்டு போனது. ஒரு மக்களின் எழுத்தையே எடுத்து மண்ணில் போட்டிருக்கிறார்கள். இந்த ஊர் முழுக்க என்னை மிகவும் உலுக்கியது இதுதான்.

அடுத்து வூஸ்டர் வீடு. இரண்டு மாடி மரவீடு. தலைநகரில் கட்டிய இடத்திலேயே இன்னும் நிற்கும் ஒரே கட்டடம். சாமுவேல் வூஸ்டர் வெர்மான்ட்டைச் சேர்ந்த பாதிரியார். செரோக்கி நாட்டில் வாழும் வெள்ளையர்கள் ஜார்ஜியாவுக்கு விசுவாச உறுதிமொழி எடுத்து உரிமம் பெற வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தபோது மறுத்தார். 11 பேருக்கு நான்கு ஆண்டு கடுங்காவல். ஒன்பது பேர் மன்னிப்பை ஏற்று வெளியே வந்துவிட, வூஸ்டரும் மருத்துவர் எலைசர் பட்லரும் மட்டும் மில்லெட்ஜ்வில் சிறையில் இருந்தார்கள். வழக்கு வாஷிங்டன் போனது. 1832 மார்ச் 3இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பு: செரோக்கி நாட்டுக்குள் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது.

“சுப்ரீம் கோர்ட்டே சொன்னதுக்கு அப்புறமும் எப்படிம்மா?” என்றாள் மகள், வீட்டு வாசல் படியிலேயே நின்று.

ஜாக்சன் ‘மார்ஷல் தீர்ப்புச் சொன்னார், அவரே நிறைவேற்றட்டும்’ என்றதாக எல்லாரும் சொல்வார்கள். அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்று இல்லை. சொல்லவே தேவை இருக்கவில்லை என்பதுதான் உண்மை. தீர்ப்பை ஜார்ஜியா கண்டுகொள்ளவே இல்லை. அந்த ஆண்டுக் கடைசியில் தென் கரோலினா, மத்திய அரசின் வரிச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று கொடி பிடித்தது. ஜார்ஜியாவும் அதோடு சேர்ந்துவிடக் கூடாதே என்று ஜாக்சன் தரப்பு பயந்தது. நாடு பிளவுபடும், விட்டுக்கொடுங்கள் என்று நாலா பக்கமிருந்தும் இந்த இரண்டு பேருக்கும் நெருக்கடி. 1833 ஜனவரியில் வெளியே வந்தார்கள். திரும்பி வந்த வூஸ்டரின் இந்த வீடும் குலுக்கலில் ஒருவருக்கு விழுந்துவிட்டது. 1834இல் காலி செய்யச் சொன்னார்கள். வேறு குடும்பங்கள் தொடர்ந்து குடியிருந்ததால்தான் வீடு பிழைத்து நிற்கிறது. இருவருக்கும் ஜார்ஜியா முழு மன்னிப்பு வழங்கியது 1992இல்.

புல்வெளியில் இன்னொரு வீடு இருந்த இடம் மட்டும் தெரிகிறது. ‘ஃபீனிக்ஸ்’ ஆசிரியர் எலியாஸ் பூடினோவின் வீடு. கனெக்டிகட்டில் படித்தவர். அங்கே ஹாரியட் கோல்டு என்ற வெள்ளைப் பெண்ணும் இவரும் திருமணம் செய்யப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரார் கொடும்பாவி கொளுத்தினார்கள். ஹாரியட் பின்வாங்கவில்லை. அவருடைய கல்லறை இங்கேதான் இருக்கிறது.

பூடினோ ஆண்டுக்கணக்கில் வெளியேற்றத்தை எதிர்த்து எழுதியவர். தீர்ப்பு வந்தும் ஒன்றும் மாறாததைக் கண்டபோது மனம் மாறினார்: இனி இங்கே இருந்தால் அழிந்துபோவோம், விலை பேசிப் போய்விடலாம். அதைப் பத்திரிகையில் விவாதிக்கத் தலைவர் ஜான் ராஸ் அனுமதிக்காததால் பதவி விலகினார். 1835 டிசம்பர் 29இல் இந்த வீட்டில்தான் நியூ எக்கோட்டா ஒப்பந்தம் கையெழுத்தானது. 16,000க்கு மேற்பட்ட மக்கள். கூடியவர்கள் சில நூறு பேர். கையெழுத்திட்டவர்கள் 20 பேர். தேர்ந்தெடுத்த அரசில் பொறுப்பு வகித்தவர்கள் யாரும் ஒப்பவில்லை. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நிலம் முழுவதும் 50 லட்சம் டாலருக்குப் போனது.

படிக்கும்போது பூடினோ மேல் எனக்கு வெறும் கோபம்தான் இருந்தது. அந்த இடத்தில் நின்றபோது அவ்வளவு சுலபமாக இல்லை. நிலைமையை அவர் சரியாகவே கணித்திருந்தார். ஆனால் கணிப்பு சரி என்பதால் மற்ற 16,000 பேருக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை வந்துவிடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படி 20 பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு ‘உங்கள் நாடு ஒப்புக்கொண்டது’ என்று சொன்ன வாஷிங்டனின் குற்றம் அதைவிடப் பெரிது.

மாலையில் சாட்ஸ்வொர்த் பக்கம் வான் மாளிகை. 1804இல் கட்டிய அழகான செங்கல் வீடு. செரோக்கிப் பெருஞ்செல்வர் ஜோசப் வான் இங்கே வாழ்ந்தார். செங்கல் அறுத்தது முதல் வயலில் வேலை வரை அடிமைகளின் உழைப்பு. அவரிடம் நூற்றுக்கும் மேல் கறுப்பின அடிமைகள் இருந்தார்கள். இதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது தப்பு. ஜார்ஜியா சட்டத்தை மீறி வெள்ளை மேற்பார்வையாளரை வேலைக்கு வைத்தார் என்ற காரணம் காட்டி 1835இல் வானை வெளியே தள்ளினார்கள். வீட்டைப் பிடிக்க இரண்டு வெள்ளைத் தரப்பு உள்ளேயே சண்டை போட்டு, மாடிப்படியில் எரியும் கட்டையை வீசியிருக்கிறார்கள்.

ஞாயிறு, ரெட் கிளே

ஜார்ஜியா எல்லையைத் தாண்டி டென்னசிக்குள் காலடி வைத்தவுடனே ரெட் கிளே. செரோக்கி மன்றம் கூடக் கூடாது என்று ஜார்ஜியா தடுத்ததால், 1832 முதல் 1838 வரை இங்கே வந்து கூடினார்கள். மரங்களுக்கு நடுவே ஊற்று ஒன்று. நீலமும் பச்சையும் கலந்த ஆழமான தண்ணீர். கூட்டத்துக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்கள் குடித்த தண்ணீர் இது. புளியோதரைப் பொட்டலங்களை அதன் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தோம்.

ஜான் ராஸ் வாஷிங்டனில் வாதாடிவிட்டு 1835இல் வீடு திரும்பினார். ரோம் ஊர்ப்பக்கம் அவருடைய வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. குலுக்கலில் அவர்களுக்கு விழுந்த வீடாம். ஒரு நாட்டின் தலைவருக்கே இந்த நிலைமை. மனைவி மக்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டு இந்த எல்லைக்கு இப்பால் ஒரு மரக்குடிலுக்குக் குடிவந்தார். அங்கேயும் ஜார்ஜியா காவல்படை எல்லை தாண்டி வந்து அவரைப் பிடித்துப் போனது.

ஒப்பந்தம் செல்லாது என்று ராஸ் தரப்பு கொண்டுபோன மனுவில் 15,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகள். கிட்டத்தட்ட நாடே கையெழுத்திட்டிருக்கிறது. செனட்டோ 1836 மே மாதம் அந்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருக்காது.

1984இல், மேற்கே ஓக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டவர்களின் வழிவந்த செரோக்கிகளும் வட கரோலினா மலைகளில் தங்கிவிட்ட கிழக்குச் செரோக்கிகளும் இங்கே மறுபடி ஒன்றுகூடினார்கள். அப்போது ஏற்றிய அணையா விளக்கு இன்னும் எரிகிறது.

திங்கள், சாட்டனூகா, பிளைத் ஃபெரி

காலையில் சாட்டனூகா ஆற்றங்கரை. முன்பு ராஸ் நடத்திய படகுத்துறை. நகரம் வளர்ந்து அதன் பெயரே மாறிவிட்டது. நினைவிடத்தில் படிப்படியாகத் தண்ணீர் இறங்குகிறது, சுவரில் செரோக்கிக் கலைஞர்கள் செய்த ஏழு பெரிய சுடுமண் வட்டங்கள். விடுமுறை நாள், தண்ணீரில் குழந்தைகள் விளையாடினார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. மக்கள் வந்துபோகும் இடமாக இருப்பது நல்லதுதான். ஆனால் வட்டங்கள் எதைச் சொல்கின்றன என்று படித்தவர்கள் அதிகம் இல்லை.

ஒப்பந்தம் கொடுத்த இரண்டு ஆண்டுக் கெடு 1838 மே 23இல் முடிந்தது. ஜெனரல் வின்ஃபீல்டு ஸ்காட் தலைமையில் சுமார் 7,000 படையினர். மூன்றே நாள் கழித்து ஜார்ஜியாவில் பிடிக்கத் தொடங்கினார்கள். ஜூனில் இந்தத் துறையிலிருந்து மூன்று கூட்டங்களைப் பெரும்பாலும் ஆற்று வழியாக அனுப்பினார்கள். கடும் வறட்சி, ஆற்றில் தண்ணீர் இல்லை, வழியெல்லாம் சாவு. பயணத்தை இலையுதிர் காலம் வரை நிறுத்தச் சொல்லி ராஸ் கேட்க, ஸ்காட் ஒப்புக்கொண்டார். அதற்காக ஆட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. கோடை முழுக்க முகாமிலேயே வைத்திருந்தார்கள். வயிற்றுப்போக்கு, கக்குவான், அம்மை. ஏராளமான குழந்தைகள் பயணம் தொடங்கும் முன்பே போய்விட்டார்கள். கண்ணீர்ப் பாதை என்றதும் எல்லாருக்கும் பனியில் நடக்கும் படம்தான் நினைவுக்கு வருகிறது. இந்தக் கோடைக்காலக் கொட்டடிகளையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

மதியம் பிளைத் ஃபெரி போனோம். ஹிவாஸி ஆறு டென்னசி ஆற்றில் சேரும் இடம் மேட்டிலிருந்து தெரிகிறது. இலையுதிர் காலத்தில் சுமார் 9,000 பேர் இந்தத் துறையில் ஆற்றைக் கடந்தார்கள். கென்டக்கி, இல்லினாய், மிசூரி வழியாக நடை. மிசிசிப்பி உறைந்து பனிக்கட்டிகள் மிதந்ததால் பல கூட்டங்கள் இல்லினாய்க் குளிரில் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டன. அவர்களோடு அவர்களுடைய கறுப்பின அடிமைகளும் நடந்தார்கள், பெரும்பாலும் வேலை செய்துகொண்டே. சுமார் 4,000 பேர் இறந்திருப்பார்கள் என்று கணக்குச் சொன்னவர் எலைசர் பட்லர். ஆமாம், வூஸ்டரோடு சிறையில் இருந்த அதே மருத்துவர். மக்களோடு அவரும் மேற்கே போனார்.

இங்கே கருங்கல் சுவரில், 1835 கணக்கெடுப்பில் பதிவான குடும்பத் தலைவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். சில பெயர்கள் ஆங்கிலம், சில செரோக்கி. மகள் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். வெயில் தாங்கவில்லை, ஆனாலும் ஒரு பலகை முழுக்க முடித்துவிட்டே நகர்ந்தாள்.

மேற்கே போன பிறகும் பகை ஆறவில்லை. 1839 ஜூன் 22 அன்று பூடினோ, ஒப்பந்தத் தரப்பின் மூத்தவர் மேஜர் ரிட்ஜ், அவர் மகன் ஜான் ரிட்ஜ் மூவரையும் ஒரே நாளில் வெவ்வேறு இடங்களில் கொன்றார்கள். நாட்டின் அனுமதியின்றி நிலத்தை விற்பவருக்கு மரண தண்டனை என்பது செரோக்கிச் சட்டம். அதே குற்றத்துக்காக 1807இல் டபுள்ஹெட் என்ற தலைவரைக் கொன்றவர்களில் ஒருவர் மேஜர் ரிட்ஜ்.

திரும்பும் வழியில் காரில் மகள் கேட்டது: அந்த ஒப்பந்தத்தில் அமெரிக்கா செய்வதாகச் சொன்னது எல்லாம் செய்ததா? இல்லை. ஏழாவது பிரிவில், செரோக்கி நாட்டுக்கு நாடாளுமன்றக் கீழவையில் ஒரு பிரதிநிதி உண்டு என்று இருக்கிறது. 2019இல் செரோக்கி நாட்டின் இன்றைய தலைவர் சக் ஹாஸ்கின், கிம் டீஹீயை அந்தப் பதவிக்கு முன்மொழிந்தார். 2022 நவம்பரில் கீழவையின் விதிகள் குழு விசாரணை நடத்தியது. இன்னும் இருக்கை கொடுக்கவில்லை. நிலத்தை எடுத்துக்கொள்ள 20 கையெழுத்து போதும் என்றவர்கள், அதே காகிதத்தில் தாங்கள் எழுதிக்கொடுத்த ஒரு நாற்காலியைத் தர எதற்காகத் தயங்க வேண்டும்? எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுகிறேன். இங்கே வாக்குரிமை உள்ளவர்கள் நீங்களும் எழுதலாம். ஏழாம் பிரிவு என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.